விழுந்துபோன ஒரு ‘ஹ’

1

நவம்பர் பிறந்தால் சந்தாபுராவில் தெருவெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகிவிடும். ஆட்டோவின் முகப்பில் கொடி, மருந்துக்கடை வாசலில் கொடி, நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பேனா வைக்கும் டப்பாவில்கூட ஒரு குட்டிக் கொடி. ஊரில் இருக்கும் உங்களுக்கு நவம்பர் முதல் தேதி தீபாவளியை ஒட்டி வரும் சாதாரண நாள். இங்கே அது கன்னட மாநிலம் பிறந்த நாள். பள்ளிக்கூடங்களில் விழா, மூலைக்கு மூலை ஒலிபெருக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் கேசரிபாத்.

இந்த வருடம் முதல் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்ததும் நான் என் மகள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டு, "என்னம்மா பாக்கற? நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. நம் பள்ளியின் பழைய மாணவர் இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கலா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதையே எழுதலாம் என்று அந்த நிமிடம்தான் தோன்றியது. நடந்ததில் உங்களில் சிலருக்கும், உங்களுக்கே தெரியாமல், கொஞ்சம் பங்கு உண்டு.

திருப்பத்தூரை விட்டு நாங்கள் வந்து பன்னிரண்டு வருடம். என் கணவர் பாஸ்கருக்கு பொம்மசந்திராவில் இயந்திர உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. "துபாய்ல இருக்கறவன் ஊர நெனச்சி எழுதுனா நாயம். பஸ்ஸு ஏறுனா மூணு மணி நேரம், உனக்கு இன்னாக்கா வெளிநாட்டு சோகம்?" என்று என் தம்பி கேலி செய்வான். வாஸ்தவம்தான். நாங்கள் கடல் தாண்டவில்லை, மாநில எல்லையில் இருக்கும் அத்திபெலே சுங்கச்சாவடியைத்தான் தாண்டினோம். ஆனால் அதைத் தாண்டியதும் பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல், பள்ளி முடித்துப் பட்டயமும் வாங்கிய நான், எழுத்தே தெரியாதவள்போல நின்றேன். வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை என்று ஒவ்வொரு படிவத்தையும் யாரிடமாவது நீட்டி, "ஸ்வல்ப நோடி", கொஞ்சம் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

எனக்குக் கன்னடம் ஊசியோடு சேர்ந்து வந்தது. கையை நீட்டுங்கள், மடக்குங்கள், காலையில் சாப்பிட்டீர்களா, பயப்படாதீர்கள். பயப்படாதீர்கள் என்பதற்கு 'ஹெதரபேடி' என்று சொல்ல வேண்டியதை இன்றுவரை 'எதரபேடி' என்றுதான் சொல்கிறேன். என் வாயில் அந்த 'ஹ' நிற்பதில்லை. நோயாளிகளுக்குப் புரிந்துவிடும். ஊசி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது யாரும் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை.

2

நாங்கள் இங்கே வந்தபோது மகள் மதுவுக்கு மூன்று வயது. உன் ஊர் எது என்று இப்போது யாராவது கேட்டால் யோசிக்காமல் சந்தாபுரா என்பாள். எங்களிடம் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாள். 'பேடா' என்றால் வேண்டாம், 'சும்னிரு' என்றால் சும்மா இரு. பதின்மூன்று வயதுக்குப் பிறகு இந்த இரண்டையும் நான் நிறையவே கேட்டாகிவிட்டது.

போன வருடம் அவள் ஒன்பதாம் வகுப்பு. நவம்பர் விழாவைத் தொகுத்து வழங்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் கன்னடம் பேசும் அத்தனை பிள்ளைகள் இருக்க, என் மகளை. நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மஞ்சள் புடவையும் சிவப்பு ரவிக்கையுமாகப் போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஃபோனைத் தூக்கிப் பிடித்தேன்.

மது நான்கு நிகழ்ச்சிகளைத் தடுமாறாமல் அறிவித்தாள். கூட்டுப்பாடலுக்கு முன்னால், "ஈக நம்ம நாட ஹாடு கேளோண" என்று சொல்ல வேண்டும். இப்போது நம் நாட்டின் பாட்டைக் கேட்போம் என்று அர்த்தம். ஹாடு என்றால் பாட்டு. அந்த 'ஹ' விழுந்துவிட்டது. "நம்ம நாட ஆடு கேளோண" என்றாள். ஆடு, கன்னடத்திலும் ஆடுதான்.

பின் வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. அது மெச்சிச் சிரித்த சிரிப்பு என்றே எனக்குப் பட்டது. என் காதுக்கு ஹாடும் ஆடும் ஒன்றுதானே. மது ஒரு நொடி நின்றாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பிறகு தொடர்ந்தாள். நான் ஃபோனை இறக்காமலே பலமாகக் கூவிப் பாராட்டினேன்.

வேலைக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவிலேயே அந்த வீடியோவை என் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில். 'எங்க வீட்டுப் பொண்ணு கன்னட மேடையில்!' என்று மேலே எழுதினேன். நீங்கள் பார்த்தீர்கள். என் நாத்தனார், சின்ன மாமியார், கலா, கல்யாணத்துக்குப் பிறகு பேச்சே இல்லாமல் போயிருந்த பழைய தோழிகள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். 'பின்றா பாரு!' என்று தம்பி எழுதினான். ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டுவதற்கு நடுவே எத்தனை முறை ஃபோனை எடுத்துப் பார்த்தேனோ. நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்பதை ஊர் பார்க்க வேண்டும் என்ற பசி, ஊரை விட்டு வந்தவர்களுக்கு லேசில் அடங்குவதில்லை.

3

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் சீருடையைப் போட்டுக்கொண்ட மது கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வயிறு நோவுது மா."

மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தாள். தெருக்கோடி டாக்டர் வாயு மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் நிலையத்துக்கே அழைத்துப்போய் நானே எடுத்தேன். சின்ன வயதில் ஊசியைக் கண்டால் தெருவரை ஓடும் பிள்ளை, அன்று முகத்தைத் திருப்பக்கூட இல்லை. ஊசி உள்ளே போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு எந்த நோயைவிடவும் பயமாக இருந்தது. பரிசோதனை முடிவுகளில் எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தத் தாளின் அடியில் பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

பள்ளியிலிருந்து குறுஞ்செய்திகள் வர ஆரம்பித்தன. வருகைப் பதிவு குறைகிறது, விடுப்புக் கடிதம் வேண்டும், கடிதத்தோடு மருத்துவச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழில் நோயின் பெயர் வேண்டும். டாக்டரிடம் போய் நின்றேன். "ஏன் பரீலி?" என்று சிரித்தார். என்னத்தை எழுதுவேன் என்கிறார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும் பிள்ளைக்கு எந்த நோயின் பெயரை எழுதுவார்? கடைசியில் 'வயிற்று உபாதை' என்று ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஒன்றை நான் கவனித்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. ஃபோன் 'டிங்' என்றால் மதுவின் தோள் தூக்கிப்போடும். எடுத்துப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள், மறுபடி எடுப்பாள். இதைப் பார்த்துப் பொறுக்காமல் பாஸ்கர் ஒரு சனிக்கிழமை ஃபோனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இதுதான்டி உன் வயித்து வலி" என்றார். அவர் தன் பிள்ளைமேல் குரல் உயர்த்துகிறவர் இல்லை. அன்று உயர்த்தினார்.

மது கத்தவில்லை. அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு மேல்மூச்சாக வாங்கியது.

"குடுத்துருப்பா. ப்ளீஸ்ப்பா. அது இல்லன்னா என்ன சொல்றாங்கன்னே எனக்குத் தெரியாதுல்ல."

"யாரு? யாரு கண்ணு இன்னா சொல்றாங்க?" என்றேன்.

அவள் பூட்டையே பார்த்தாள். பாஸ்கர் சாவியை எடுத்துத் திறந்தார். ஃபோனை அவள் மடியில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

4

எங்கள் நிலையத்தில் என்னோடு ரேகா என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். ராமநகரம் பக்கத்துக்காரி, கலகலப்பானவள். டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் காலைக் கூட்டம் ஓய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். "அக்கா, இல்லி நோடி, செம காமெடி" என்று ஃபோனை என் பக்கம் திருப்பினாள்.

அரை நிமிட வீடியோ. மேடையில் ஒரு பெண், தலையில் வரைந்து ஒட்டிய ஆட்டுக் கொம்பும் காதும். "நம்ம நாட ஆடு கேளோண" என்கிறாள். உடனே ஒரு ஆடு 'மே...' என்று கத்துகிறது. மறுபடி அதே வரி, மறுபடி ஆடு. மூன்றாம் முறை ஒரு ஆட்டு மந்தையே கத்துகிறது. ரேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கொம்பும் காதும் முகத்தை அவ்வளவு மாற்றியிருந்தன.

வீடியோவின் கடைசியில் ஆடுகள் ஓய்ந்ததும் கைதட்டல். அதற்கு மேலே, ஃபோனுக்குப் பக்கத்தில், ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சூப்பர்டி கண்ணு!"

என் குரல்.

ரேகாவின் கையிலிருந்து ஃபோனை வாங்கித் திரும்பப் போட்டேன். கொம்புக்குக் கீழே மதுவின் கண்கள். அடியில் வரிசை வரிசையாகக் கருத்துகள். பாதிக்கு மேல் 'மே' என்ற ஒரே எழுத்து. சிலர் அவள் உடம்பைப் பற்றி எழுதியிருந்தார்கள். பதினாலு வயதுப் பிள்ளை என்று பார்க்காமல். சிலர் 'உங்க ஊருக்கே போங்க' என்று எழுதியிருந்தார்கள்.

"யாருக்கா, தெரிஞ்சவங்களா?" என்று ரேகா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"என் பொண்ணு."

அவள் முகத்தை நான் மறக்கமாட்டேன். ஃபோனைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, நம்ம ஊர்ல எல்லாரும் ஹ இல்லாமத்தான் பேசறோம். எங்கம்மா ஹாலு, அதான் பாலு, அத ஆலுன்னுதான் சொல்லுது. நான் ஏன் சிரிச்சேன், நனகே கொத்தில்லக்கா" என்றாள். எனக்கே தெரியவில்லை என்கிறாள். அழுதது அவள்தான். எனக்கு அழுகை வரவில்லை. அன்று மேடைக்கு முன்னால் எத்தனையோ பேர் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இது மட்டும் என் ஃபோனில் பிடித்தது. நான் எல்லோருக்கும் திறந்து வைத்தது.

5

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மது பால்கனியில் காயும் துணிகளுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"எவ்ளோ பேரு பாத்திருக்காங்கன்னு போட்டிருக்கும், அதப் பாத்தியா?"

"அத நான் பாக்கல."

"நான் டெய்லி பாக்கறேன். முழிச்சதும் அதான் பாப்பேன். நின்னுடும், இன்னைக்கி நின்னுடும்னு. நிக்கவே மாட்டேங்குது மா."

அவள் அதைச் சொன்ன விதம், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வதுபோல இருந்தது. பள்ளியில் யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் வகுப்புக்குள் நுழையும்போது யாராவது ஒருவர் மெதுவாக 'மே' என்பார்கள், அவ்வளவுதான். அதுவும் முதல் இரண்டு மூன்று நாட்கள்தான். பிறகு யாரும் சொல்லாதபோதும் அவள் காதில் அது கேட்க ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் முன்பின் தெரியாத யாராவது ஃபோனைப் பார்த்துச் சிரித்தாலும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று வயிறு சுருட்டிப் பிடித்தது.

"எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து. உன் வாய்ஸ் கேக்குதே."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

மது தொங்கிக்கொண்டிருந்த துண்டின் நுனியைப் பிடித்து விரலில் சுற்றினாள்.

"நீ ரொம்ப ஹேப்பியா இருந்தே மா. அத்தைக்கெல்லாம் ஃபோன் போட்டுப் போட்டுச் சொல்லிட்டிருந்தே. உன் வீடியோலேர்ந்துதான் எடுத்தாங்கன்னு தெரிஞ்சா நீ அழுவே."

ஒரு மாதம். சோறு இறங்காமல், பள்ளிக்குப் போகாமல், கையில் ஊசி குத்தும்போதும் வாயைத் திறக்காமல், அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன்.

"பாத்தியா, இதுக்குத்தான் சொல்லல" என்று மது என் தோளில் தட்டினாள். பிறகு அவளும் அழுதாள். கீழ்வீட்டு அம்மா கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, "ஏனாய்த்து?" என்று கேட்டார், என்ன ஆயிற்று என்று. "ஏனில்லா ஆன்ட்டி" என்று மது மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னாள்.

6

என் பக்கத்திலிருந்த வீடியோவை உடனே எடுத்தேன். அதனால் எதுவும் நிற்கவில்லை. கொம்பு ஒட்டிய வீடியோவைப் பலர் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் புகார் கொடுக்க உட்கார்ந்தேன். ஏன் புகார் செய்கிறீர்கள் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. வன்முறை, ஆபாசம், போலி விற்பனை, பொய்ச் செய்தி, கேலி செய்தல். என் மகள் சாப்பிட மறுக்கிறாள் என்பதற்கு அதில் இடமில்லை. கேலி செய்தல் என்பதை அழுத்தினேன். கேலி செய்யப்படுவது நீங்களா, உங்களுக்குத் தெரிந்தவரா என்று அடுத்த கேள்வி. இரண்டு நாளில் பதில் வந்தது, விதிமீறல் எதுவும் இல்லை என்று. மறுபடி அனுப்பினேன். சிலவற்றை எடுத்தார்கள், சிலவற்றை எடுக்கவில்லை.

பள்ளியில், சம்பவம் வளாகத்துக்கு வெளியே நடந்தது என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். ரேகா கன்னடத்தில் எழுதித் தந்தாள், நான் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வகுப்பாசிரியை அதைப் படித்துவிட்டு, முதலில் போட்டது யார் என்று தனக்குத் தெரியும், பேசிப் பார்க்கிறேன் என்றார். யார் என்று மதுவுக்கும் தெரியும். மோனிஷா என்ற வகுப்புத் தோழி.

மதுவுக்குச் சொல்லாமல் நான் மோனிஷாவின் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். வழியெல்லாம் கன்னடத்தில் என்ன கேட்பது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அவள் அம்மா, "ஒளகே வாங்கம்மா" என்றார். உள்ளே வாருங்கள் என்கிறார், பாதி கன்னடம் பாதி தமிழாக. அடுக்கி வைத்த வாக்கியங்கள் எல்லாம் சரிந்துவிட்டன.

பெயர் கஸ்தூரி. அலுவலகம் ஒன்றில் துப்புரவு மேற்பார்வை செய்கிறார். "நாங்க ஒக்கலிபுரம்மா, தமிழ்க்காரங்கதான். நாலு தலமுறையா அங்கதான். வாடக ஏறிப்போச்சின்னு ரெண்டு வருசம் முன்ன இந்தப் பக்கம் வந்தோம்" என்றார். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாராம். "நேத்து ரெண்டு சாத்து சாத்துனேன். நீங்களும் வேணும்னா சாத்துங்க" என்று மகளைக் கூப்பிட்டார்.

மோனிஷா வந்து நின்றாள். நகத்தையெல்லாம் சதைவரை கடித்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் இரண்டு முறை மேசைமேல் இருந்த ஃபோனுக்குப் போய் வந்தது. அந்தப் பார்வையை நான் என் வீட்டில் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எய்த்துல இந்த ஸ்கூல்ல சேந்தப்ப என்னத்தான் ஆன்ட்டி எல்லாரும் ஓட்டுனாங்க. எங்கம்மா பேசறத, நான் பேசறத. மதுவப் பத்தி ஒன்னு போட்டா என்ன விட்டுருவாங்கன்னு நெனச்சேன். விட்டுட்டாங்க. எனக்கு ஃபாலோயர்ஸ்கூட ஏறிச்சி." மறுபடி நகத்தைக் கடித்தாள். "மது ஸ்கூலுக்கு வரலன்னதும் எடுத்துட்டேன் ஆன்ட்டி, ப்ராமிஸா. அதுக்குள்ள மத்தவங்க சேவ் பண்ணிப் போட்டுட்டாங்க. டெய்லி தேடிப் பாக்கறேன். எடுங்கன்னு எல்லாருக்கும் மெசேஜ் போடறேன். சிரிக்கறாங்க."

நான் திட்டவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. கஸ்தூரி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். போனதை மதுவிடம் சொன்னபோது, "உன்ன யாரு போகச் சொன்னா?" என்று கோபித்துக்கொண்டு அன்று முழுவதும் பேசவில்லை. நான் மறுபடியும் அவளைக் கேட்காமல் ஒன்றைச் செய்திருந்தேன்.

7

வயிற்றைப் பார்த்த டாக்டரே, பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்பினார். வாரம் ஒரு முறை போனோம். இது நடிப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை, பதற்ற நோய், வலி உண்மையான வலிதான் என்று அவர் சொன்னதும், பாஸ்கர் வெளியே வந்து படிக்கட்டிலேயே மகளிடம் மன்னிப்புக் கேட்டார். பள்ளிக்குக் கொடுக்க ஒரு சான்றிதழும் கிடைத்தது. அதில் நோயின் பெயர் இருந்தது. வாங்கிக்கொண்டபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஃபோனைப் பிடுங்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம், பார்க்கும் நேரத்தை அவளே குறித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டும் என்றார் மருத்துவர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு நாளைக்கி எத்தன தடவ பாக்கறீங்க?" என்று கேட்டார். நான் மதுவைப் பார்த்தேன். மது கூரையைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்டு முடித்ததும், என் ஃபோனை மதுவின் கையில் கொடுத்தேன். "என் பக்கத்துல உன் படம் எவ்ளோ இருக்கோ பாரு. எது இருக்கணும், எது போகணும்னு நீயே சொல்லு" என்றேன்.

பதினோரு வருடத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனோம். மதிப்பெண் பட்டியல் போனது. முன்பல் விழுந்து சிரிக்கும் படம் போனது. மொட்டை போட்டு அழும் வீடியோவைப் பார்த்து இருவரும் சிரித்தோம், அதுவும் போனது. பிறகு அவள் வயதுக்கு வந்தபோது ஊர் மண்டபத்தில் வைத்த சடங்கின் படங்கள் வந்தன. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, வாசலில் அவள் அத்தை வைத்த ஆள் உயர பேனர். அந்த பேனரையும் தனியாகப் படமெடுத்து நான் போட்டிருந்தேன். அடியில் உங்கள் வாழ்த்துகள் நூற்றுக்கு மேல். மதுவின் விரல் அங்கேயே நின்றது.

"இத எங்க கிளாஸ் பசங்க ரெண்டு பேரு பாத்திருக்காங்க மா. அப்பவே. நான் சொல்லல."

சடங்கு வேண்டுமா என்று அவளைக் கேட்டிருக்கவில்லை. அது ஊர் வழக்கம் என்று விட்டாலும், அதை உலகத்துக்குக் காட்ட வேண்டுமா என்றாவது கேட்டிருக்கலாம். ஒன்றொன்றாக நானே அழித்தேன். உங்கள் வாழ்த்துகளும் சேர்ந்து போயின. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஊருக்குப் போகும் பஸ்ஸில், அப்பாவின் தோளில் முகம் புதைத்துத் தூங்கும் நாலு வயதுப் பிள்ளை.

"இதுல என் மூஞ்சி தெரியல. அப்பா தொப்பதான் தெரியுது. இருக்கட்டும்" என்றாள் மது.

8

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவளைக் கொண்டுபோய் விட்டேன். வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள்.

"மா, நீ வீட்டுக்குப் போயிடுவியா?"

எதிரே ஒரு பேக்கரி. "அங்க இருக்கேன். சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான் இருப்பேன்" என்றேன். மூன்று காபி, ஒரு பன், மத்தியானம் ஒரு பஃப்ஸ். மதிய இடைவேளையில் சுற்றுச்சுவரின் கம்பிகளுக்கு நடுவே அவள் முகம் தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன். அவள் தூக்கவில்லை, பார்த்துவிட்டுப் போனாள். நான்கு நாட்கள் அப்படி உட்கார்ந்தேன். எனக்குப் பதிலாக ரேகா இரட்டை வேலை பார்த்தாள். நான்காம் நாள் மாலை திரும்பி வரும்போது மது சொன்னாள், "நாளைக்கி நீ வரவேணாம் மா. அந்தப் பேக்கரிக்காரர் என்னைப் பாத்தா சிரிக்கறாரு."

"சிரிச்சா உனக்கு இன்னா தோணுது?"

யோசித்தாள். "நல்லாத்தான் சிரிக்கறாரு" என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். தேர்வு நெருங்கினால் இன்னும் வயிறு நோவுகிறது. மோனிஷா அனுப்பிய குரல் செய்தியை இரண்டு மாதம் திறக்காமலே வைத்திருந்து, பிறகு கேட்டு, 'ஓகே' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினாள். இப்போது இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை, ஆனால் அறிவியல் செய்முறையில் ஒரே குழு. இந்த நவம்பர் விழாவில் மது மேடை ஏறவில்லை. திரைக்குப் பின்னால் நின்று, அடுத்து யார் போக வேண்டும் என்று பட்டியலைப் பார்த்து அனுப்பும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் போனேன். ஃபோனைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

நேற்று இதை எழுதி முடித்ததும் அவளிடம் போய் நின்றேன். உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா என்று கேட்டேன். அவள் நிபந்தனைகள் போட்டாள். பெயரை மாற்ற வேண்டும், பள்ளியின் பெயர் கூடாது, படம் கூடாது. அதனால் மது என்பது அவள் பெயர் இல்லை. கடைசி நிபந்தனை, முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். என் மகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்தக் குறை வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது.

நோட்டுப் புத்தகத்தை விரித்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே படித்தேன். அலமாரி வந்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பால்கனி வந்தபோது, "நான் அப்படியா மூக்க உறிஞ்சினேன்?" என்றாள். மருத்துவரிடம் முதல் நாள் அவள் பேசியதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். இந்தக் கட்டுரையிலேயே நன்றாக வந்திருந்த பத்தி அதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. படித்து முடிக்கும்வரை கேட்டாள்.

"அது வேணாம் மா" என்றாள். "அத நான் டாக்டர்கிட்டதான் சொன்னேன். நீ பக்கத்துல இருந்தே, அவ்ளோதான்."

"சரி கண்ணு. எடுத்துடறேன்."

"பேனா குடு."

கொடுத்தேன். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று என் விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். பிறகு குனிந்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின்மேல், ஒவ்வொரு வரியாக, ஒரு எழுத்தும் வெளியே தெரியாதபடி நிதானமாக அடித்தாள். பதினோரு வரிகள். முடித்ததும் நோட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். பேனாவுக்கு மூடி போட்டு என் கையில் வைத்தாள்.

"இப்ப அனுப்பு" என்றாள்.